கம்பளிக் கள்ளிக்கு ஊற்றிய தண்ணீர்

வெயில் ஊரில் கள்ளி வளர்ப்பது எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முள் இருக்கிறது, பாலைவனத்துச் சரக்கு, மூலையில் தூக்கிப் போட்டால் தானே வளரும் என்பார்கள். பாலைவனத்தில் பகல் எவ்வளவு காய்ந்தாலும் பொழுது சாய்ந்தால் குளிரும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. எங்கள் வீட்டில் எந்த நேரத்திலும் குளிர்வதில்லை. அதனால் கள்ளிக்கு ஓய்வே கிடைப்பதில்லை. ஓய்வு கிடைக்காத கள்ளி உயிரோடு இருக்கும், ஆனால் பூக்காது.

ஐயா, நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொல்லித் தாள் கொடுத்தீர்கள். இதென்ன, செடிக் கதை எழுதுகிறானே என்று கோபப்பட வேண்டாம். எனக்கு முதல் என்பது இதுதான். அண்ணன் விஷயம் தானாக வரும்.

என்னிடம் இருந்தது கம்பளிக் கள்ளி. உருண்டையாக, மேலெல்லாம் வெள்ளை முடி மூடி இருக்கும். கட்டைவிரல் அளவில் வாங்கினேன். ஒன்பது வருடத்தில் ஒரு சாத்துக்குடி அளவுக்கு வந்தது. அந்த முடி நனையக் கூடாது. நனைந்தால் பழுப்பாகிப் படிந்துவிடும், பிறகு வெளுக்காது. அதனால் மேலே ஊற்றவே மாட்டேன். தட்டில் தண்ணீர் வைத்து, மண்தொட்டியை அதில் கால்மணி நேரம் நிறுத்தி, அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். தொட்டியில் பாதிக்கு மேல் செங்கல் பொடிதான், கொஞ்சம் ஆற்று மணல். ஈர்க்குச்சியைச் செருகிப் பார்ப்பேன். குச்சி துளி ஈரத்தோடு வந்தாலும் அந்த வாரம் தண்ணீர் கிடையாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். அரை மில்லிமீட்டர் தப்பினால் ஒருவருக்குத் தலைவலி வரும். அளவு என்பது எனக்குப் பழகிப்போன விஷயம்.

பூக்க வைக்க ஒரே வழி, வருடத்தில் வெயில் தணிந்திருக்கும் மூன்று மாதம் அதைப் பட்டினி போடுவது. தண்ணீர் அறவே கிடையாது. வடக்குப் பக்க ஜன்னலில் வைத்து ஒரு சின்ன மின்விசிறியை ஓட விடுவேன். செடி சுருங்கும், தொட்டிக்குள் இறங்கும், பக்கங்களில் மடிப்பு விழும். பழகாதவர்கள் பார்த்தால் பதறிப்போய் ஊற்றிவிடுவார்கள். அந்த இரக்கத்தில் செத்த செடிகள்தான் அதிகம். தாகத்தில் செத்த கள்ளியை நான் பார்த்ததே இல்லை.

அண்ணன் தண்ணீர் லாரி ஓட்டியவர். இருபத்தாறு வருடம். குழாயை மூடி வண்டியைக் கிளப்பிய பிறகும் யாராவது காலிக் குடத்தோடு ஓடிவந்தால், இறங்கிவந்து மறுபடி வால்வைத் திறப்பார். அவர் வண்டி வந்தால் தெருவே சிரிக்கும். அண்ணி இறந்த பிறகு என்னோடு வந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எங்கள் இருவருக்கும் தாராளம். வந்த முதல் வாரமே என் செடிகளைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, இப்படிக் காயப் போட்டிருக்க? வாய் இல்லாத ஜீவன்டா," என்றார். கம்பளிக் கள்ளிக்குப் பூனைக்குட்டி என்று அவரே பெயர் வைத்தார். போகும்போதும் வரும்போதும் விரல் நுனியால் அதைத் தடவிவிட்டுப் போவார். தடவ வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. மூத்தவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு விடுமுறை நாள் காலையில் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. உதட்டோரம் நுரை வந்தது. நான் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை நின்றேன். பதினேழு நிமிடம். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பயந்ததில்லை. பின்னும் என்று எழுதியதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

டாக்டர் சொன்னது இது. இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பிலுள்ள நீரைத் தள்ள முடியவில்லை, அது நுரையீரலில் தேங்கிவிட்டது. "ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். டீ, கஞ்சி எல்லாம் அதுல சேர்த்தி. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். கட்டாந்தரையில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும் ஒருவர் உள்ளுக்குள்ளேயே மூழ்கிப் போகலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீர் பிரிய மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அண்ணனுக்குக் கால் பலம் போய்விட்டது. வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போவார், கழிவறைக்குப் போவார், அவ்வளவுதான்.

ஒரு லிட்டர் பாட்டிலில், லென்ஸில் குறி வைக்கும் பேனாவால் எட்டுக் கோடு போட்டேன். கடைக்குப் போகும்போது கட்டிலருகே வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பேன். அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை. "லாரி லாரியா ஊத்தினவனுக்கு இப்ப கோடு போட்டுக் குடுக்கற. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு இதைத்தான் சொன்னாங்க போல," என்று நர்ஸம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். அவரும் சிரித்துவிட்டு, "உங்க தம்பி மாதிரி கணக்கா பாத்துக்கறவங்க யாரும் இல்ல," என்று சொன்னார். அது உண்மை. விசாரித்துக்கொள்ளலாம்.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. அவர் குடிக்கும்போதெல்லாம் அவருடைய குரல்வளை ஏறி இறங்குவதையே பார்ப்பேன். ஒவ்வொரு மடக்கும் நேராக நெஞ்சுக்குள் போய்த் தேங்குவதாகத் தோன்றும். அவர் தூங்கும்போது மார்பில் காதை வைத்துக் கேட்பேன். ஒன்றும் கேட்காவிட்டாலும் ஏதோ கேட்பது போல இருக்கும். ஒருநாள் அப்படி வைத்திருக்கும்போது அவர் விழித்துக்கொண்டார். என் தலையைத் தட்டிவிட்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்குத் தண்ணியெல்லாம் பேயா தெரியுதுடா," என்றார்.

அந்த மாதம் ஏழாவது கோட்டோடு நிறுத்தினேன். ஒரு லிட்டர் என்பது மேல் எல்லைதானே, அதைத் தொட்டே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஆறு கோடு. காலில் வீக்கம் நன்றாக வடிந்தது. கணுக்கால் எலும்பு தெரிந்தது. கையைப் பிடித்தால் தோல் மெலிதாக மடிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. தண்ணீர் குறையக் குறைய ஒரு உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்பதை நான் ஒன்பது வருடமாகப் பார்த்து வருகிறேன்.

அண்ணன் மட்டும் ஒருநாள் சிரிக்காமல் சொன்னார். "டேய், தாயும் பிள்ளையுமா இருந்தாலும் வாயும் வயிறும் வேறடா. என் தாகம் எனக்குத்தான் தெரியும்."

"டாக்டர் சொன்னதுதான் அண்ணே," என்றேன்.

"டாக்டர் ஒரு லிட்டர்னு சொன்னாரு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"கஞ்சியில ஒரு பங்கு போயிடுது அண்ணே. நீங்க கணக்குல விட்டுட்டீங்க."

அவர் பாட்டிலை எடுத்துக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். தம்பி பொய் சொல்லமாட்டான் என்று நினைக்கிற மனிதர் அவர்.

அந்த வருடம்தான் கள்ளி மொட்டு விட்டது. பட்டினி போட்ட இரண்டாவது மாதத்தின் கடைசியில், உச்சியைச் சுற்றி முடிக்குள்ளே கடுகளவு சிவப்புப் புள்ளிகள். கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து எண்ணினேன். பதினொன்று. வட்டமாக, ஒரு கிரீடம் போல. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அண்ணனை வாக்கரோடு கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இத்தனை நாளா ஒரு சொட்டு இல்லாம, அதுக்கு மேல பூ வேற பூக்கணுமா? பாவம்டா," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொட்டியைத் துடைக்கலாம் என்று தூக்கினேன். கனமாக இருந்தது. காய்ந்த தொட்டியின் எடை என் கைக்குத் தெரியும். செடி மேலே அப்படியே இருந்தது. முடி வெள்ளைவெளேர் என்று இருந்தது, மொட்டுகள் இன்னும் சிவப்பாகவே இருந்தன. விரலை வைத்து லேசாக அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. பழுப்பாகத் தண்ணீர் வந்தது, நாற்றம் அடித்தது. உள்ளே எத்தனை நாளாக அழுகிக்கொண்டிருந்ததோ, வெளியே ஒரு அடையாளமும் காட்டவில்லை.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். "நான்தான்டா ஊத்தினேன். மேல ஊத்தல, முடி நனையக் கூடாதுன்னு சொல்லியிருக்கியே, ஓரமா ஊத்தினேன். என் பாட்டில்ல இருந்துதான். தினம் ஒரு மடக்கு."

அவருடைய பங்கிலிருந்து ஊற்றியிருக்கிறார். தாகமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, அந்த ஆறு கோட்டில் ஒரு பகுதியைத் தினமும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றியிருக்கிறார். "எனக்கு எப்படி இருக்குன்னு தெரியுமில்ல, அதுக்கும் அப்படித்தானே இருக்கும்," என்றார்.

நான் கோபப்படவில்லை. செடியைப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றினேன், தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். அண்ணன் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். மூத்தவர் அப்படிக் கேட்கக் கூடாது, பரவாயில்லை என்று சொன்னேன். நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஒருவர் தன் தண்ணீரில் கொஞ்சத்தை வேறொன்றுக்குக் கொடுக்க முடிகிறது என்றால், அந்தக் கொஞ்சம் அவருக்குத் தேவை இல்லை என்றுதானே பொருள்? மறுநாள் மூன்று கோடு வைத்தேன். இது செடிக்காக இல்லை, ஐயா. கணக்குக்காக.

மீதியை வரிசையாக எழுதிவிடுகிறேன். கடைக்குப் போகும்போது சமையலறையைப் பூட்ட ஆரம்பித்தேன். கழிவறைக் குழாயில் அவர் வாய் வைத்துக் குடிப்பார் என்ற பயத்தில், வெளியே குழாய்க்கு வரும் வால்வை மூடிவிட்டுப் போனேன். வாளியில் மட்டும் சோப்பு கலந்த தண்ணீர் வைத்தேன். அவருக்குத் தெரியாத வால்வா? முதல் நாளே படுத்தபடி கேட்டார், "வால்வ மூடிட்டியாடா?" ஆமாம் என்றேன். "எத்தனை சுத்து?" என்று கேட்டார். முழுசாக மூடினேன் என்று சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய போன் ஓயாமல் சத்தம் போட்டு ஓய்வைக் கெடுக்கிறது என்று சார்ஜரைக் கடைக்கு எடுத்துப் போனேன்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் நீங்கள் பேசியிருப்பீர்கள். வாக்கரால் தரையைத் தட்டும் சத்தம் கேட்டதாகச் சொல்லியிருப்பார். உண்மைதான், தட்டினார். ஒருநாள் மாலை நான் கதவைத் திறக்கும்போது அந்த அம்மா பின்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். "அண்ணன் தண்ணி தண்ணின்னு கத்தறாரு தம்பி, மிஷினை நிறுத்தினா அதுதான் கேக்குது, எனக்குப் பயமா இருக்கு," என்றார். டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினேன். தண்ணீர் கொடுத்தால் நெஞ்சில் தேங்கி உயிர் போய்விடும் என்று புரிய வைத்தேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்போடு திரும்பிப் போனார். அவர்மேல் தப்பில்லை. சீட்டில் ஒரு லிட்டர் என்று இருந்தது, நான் எவ்வளவு கொடுக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

உள்ளே போனால் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். சின்ன வயதில் அப்பா அடிக்க வரும்போது என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நிற்பார் அண்ணன். அப்போதுகூட அவர் கண்ணில் பயம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். என்னைப் பார்த்துத்தான் பயந்தார். பயத்தில் மறுநாள் இரண்டு கோடாக்கினேன். ஏன் என்று கேட்டால் இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

அண்ணன் இறந்தது வெள்ளிக்கிழமை. டாக்டரும் நர்ஸம்மாவும் என்ன சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். டாக்டர் சொன்ன அளவைத்தான் பார்த்துக்கொண்டேன் என்று மூன்று தடவையும் சொன்னேன். எழுதும்போது அப்படிச் சொல்ல வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா வந்தார். அண்ணனின் கைத்தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். அது கிள்ளியபடியே நின்றது. நாக்கை நீட்டச் சொன்னார், அது உதட்டில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நர்ஸம்மா முகம் மாறிவிட்டது. "இது ரொம்பக் காஞ்சு போச்சுங்க. இன்னியிலேருந்து கோடெல்லாம் வேணாம். கேக்கறப்பல்லாம் குடுங்க. மாத்திரையையும் நிறுத்துங்க. நாளைக்குக் காலையில கண்டிப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க, நான் டாக்டர்கிட்ட சொல்லி வைக்கறேன்," என்றார். அதையே ஒரு தாளிலும் எழுதினார். தன் கையாலேயே ஒரு தம்ளர் தண்ணீரைத் தேக்கரண்டியால் அண்ணனுக்குக் கொடுத்தார். என்னால் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அந்த இடத்தில் தொட்டி இருந்த வட்டம் இன்னும் தெரிந்தது.

நர்ஸம்மா படியிறங்கியதும் அண்ணன் கூப்பிட்டார். குரல் காற்றாகத்தான் வந்தது. "கேட்டியாடா?"

"கேட்டேன் அண்ணே."

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்து ரத்தம் வந்தது. தாளை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். புதன்கிழமை காலையில் நர்ஸம்மா போன் செய்தார். அண்ணனைச் சொந்தக்காரர் ஒருவர் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார் என்று சொன்னேன். எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அன்றைக்கு நான் கடைக்குப் போனேன். ஆறு ஜோடி லென்ஸ் பொருத்தினேன், ஒன்றுகூடத் தப்பவில்லை.

புதனும் வியாழனும் அவர் தட்டவில்லை. எனக்கு அந்த அமைதிதான் அதிகப் பயமாக இருந்தது. பாட்டிலை நான் வைக்கவே இல்லை. அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க அவருக்குக் குரல் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறைப் பூட்டைத் திறந்து, பெரிய எவர்சில்வர் தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். இதை நான் உங்களிடம் வாயால் சொல்லவில்லை. கொடுக்கத்தான் போனேன். துளிகூடச் சிந்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் கண்ணைத் திறந்து முதலில் தம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கையைத் தூக்க முடியவில்லை. ஒரு விரல் மட்டும் நகர்ந்து என் முழங்காலைத் தொட்டது.

"பயப்படாதடா," என்றார். உதடு அசைந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவசரப்படாமல், மடக்கு மடக்காக, முழுத் தம்ளரையும் நான் குடித்தேன். எனக்குத் தாகம் இல்லை.